மாடம் இல்லாட்டி நாட்குறிப்பும் இல்லை

உவர்மலையான்: திருக்கோணமலை வாசகர் கூட்டத்தில ஒருத்தர் பேசினதைக் கேட்டு எரிச்சல்தான் மிச்சம். ஜோர்ஜ் ஓர்வெல்லின்ர 1984 நாவலில வாற வின்ஸ்டன், வீட்டுக்குள்ள ஆளைப் பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருக்கிற அரசின்ர தொலைத்திரைக்குத் தெரியாமல் நாட்குறிப்பு எழுதினது தனிமனிதத் துணிச்சலின்ர வெற்றியாம், எங்கட சமூகத்துக்கும் அதுதான் வேணுமாம். கைதட்டல் வேற! தொலைத்திரை வழமையா முழு அறையும் தெரியிற மாதிரிக் கடைசிச் சுவரில இருக்கும். அவன்ர வீட்டில மட்டும் ஜன்னலுக்கு எதிரான நீளச் சுவரில. அதால பக்கத்தில சுவருக்குள்ள ஒதுங்கின ஒரு சின்ன மாடம் அதின்ர பார்வைக்குத் தப்பிப் போச்சு. உள்ளுக்க ஒதுங்கினா உருவம் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். கட்டினவன் விட்ட இடைவெளி அது. இதில துணிச்சல் எங்க?

நிலாவெளி வாசகி: பிடிபட்டால் சாவு, இல்லாட்டி குறைஞ்சது 25 வருசம் கட்டாய வேலை முகாம். தெரிஞ்சுகொண்டுதானே அண்ணை பேனையை மையில தோய்ச்சான்?

உவர்மலையான்: அறையின்ர அந்த அமைப்புத்தான் எழுதுற எண்ணத்தையே தந்தது எண்டு நாவலே சொல்லுது. மாடம் இல்லாட்டி நாட்குறிப்பு இல்லை.

நிலாவெளி வாசகி: "ஓரளவுக்கு" எண்டுதான் சொல்லுது. அடுத்த வரியையும் வாசியுங்கோ. நாட்குறிப்பு எழுத வாங்கின அந்தப் பழைய வெற்றுப் புத்தகமும் எண்ணத்தைத் தந்ததாம். போனமுறையும் பாதி வரியோடதான் வந்தனீங்கள்.

உவர்மலையான்: அந்தப் புத்தகத்தை 2 டொலர் 50 சதத்துக்கு வித்த கடைக்காரன் சாரிங்டன் ஆர்? மனசில நினைக்கிறதையே குற்றமாப் பிடிக்கிற சிந்தனைப் பொலிஸ்! அட்டையில வின்ஸ்டன் ஒரு வெள்ளைத் தூசித் துணிக்கை வைச்சான், ஆரும் தொட்டா விழுமெண்டு. பொலிஸ் அந்தத் துணிக்கையையும் பழையபடி வைச்சிட்டுப் போச்சு. 7 வருசம் பார்த்துக்கொண்டு இருந்தவங்கள். இதையோ வெற்றி எண்டுறியள்?

மூதூரான்: ரெண்டு பேரும் ஒரு புத்தகத்தையே சுத்துறியள். ரஷ்ய எழுத்தாளர் ஜமியாத்தின் 1920-21இல எழுதின "நாங்கள்" நாவலில வீடெல்லாம் கண்ணாடி. மாடமே இல்லை. அதில கதை சொல்லுற டி-503 எண்ட ஆள் எழுதினவன்தானே? அரசைப் புகழ எழுதத் தொடங்கின குறிப்புக்குள்ளதான் "நான்" முளைக்குது. நெஞ்சில இலக்கம், எங்கட பள்ளிக்கூடங்கள் மாதிரி ஒரே சீருடை.

கிண்ணியாப் பிள்ளை: பள்ளிக்கூடத்தை ஏன் இழுக்கிறீங்க? வெள்ளைச் சீருடையாலதான் இல்லாத வீட்டுப் பிள்ளை வேறயாத் தெரியாம இருக்கு.

மூதூரான்: தெரியாமல் செய்யிறதுதானே சிக்கலே!

கிண்ணியாப் பிள்ளை: வறுமையை மறைக்கிறதும் ஆளை அழிக்கிறதும் ஒண்டா? சும்மா கதைக்காதீங்க.

உவர்மலையான்: சீருடைக்கு வேற திரி திறவுங்கோ. கண்ணாடி வீட்டிலயும் தனிநேரம் இருக்கு, 16 மணியில இருந்து 17, 21இல இருந்து 22. துணையோட சேர அரசு குடுக்கிற இளஞ்சிவப்புச் சீட்டு இருந்தா திரைச்சீலையும் இறக்கலாம். அதுவும் மாடந்தான், அரசு அளந்து குடுத்த மாடம். ஆள் ஆளா இருக்க முதல்ல மற்றவன்ர கண் படாத இடம் வேணும். கதவில்லாத வீட்டுப் பிள்ளைக்குத் துணிச்சலைப் பற்றிப் பிரசங்கம் வைக்காதேங்கோ, கதவைக் குடுங்கோ.

நிலாவெளி வாசகி: அப்ப இதுக்குப் பதில் சொல்லுங்கோ. 1984 நாவலில கட்சியில சேராத பாட்டாளிச் சனத்தின்ர பெரும்பாலான வீடுகளில தொலைத்திரையே இல்லை. வீடு முழுக்க மாடம். அங்க ஏன் ஒருத்தரும் எழுதேல்லை?

உவர்மலையான்: அவையளுக்கு லொத்தரும் மெசின் இயற்றின பாட்டும் குடுத்து வைச்சிருக்கு. அதுவும் அரசின்ர வேலைதான்.

நிலாவெளி வாசகி: கேட்டது மாடத்தைப் பற்றி. லொத்தரைப் பற்றி இல்லை.