ஊருக்குப் போனால் எங்கே படுப்பது? மலையகத்துக்காரர்களின் லீவு அனுபவங்கள்

லிந்துலைக்காரன் (லெஸ்டர், இங்கிலாந்து):

வெளிநாட்டிலிருந்து குடும்பத்தோடு லீவுக்கு இலங்கை மலையகத்து ஊருக்குப் போகிறவர்களிடம் ஒரு கேள்வி. கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்குகிறீர்கள், வேன் பிடிக்கிறீர்கள், கித்துல்கலை தாண்டி கினிகத்தேனை ஏற்றத்தில் பிள்ளைகள் வாந்தி எடுக்கிறார்கள். சரி, அது எல்லாருக்கும் நடப்பது. அப்புறம் இரவு எங்கே படுக்கிறீர்கள்? சொந்தக்காரர் வீட்டிலா, ஓட்டலிலா? வளவும் நாலைந்து அறையும் உள்ள வீட்டுக்குப் போகிறவர்களுக்கு இது ஒரு கேள்வியே இல்லை. நம் தேயிலைத் தோட்டங்களில் குடும்பச் சண்டையே இதில்தான் தொடங்குகிறது. என் கதையைச் சொல்கிறேன், உங்களுடையதையும் எழுதுங்கள்.

நாங்கள் போனது 2024 ஆகஸ்டில். இங்கே பள்ளிக்கூட லீவு அப்போதுதான். லிந்துலை, தலவாக்கலை, அட்டன் பக்கமெல்லாம் அது மழைக்காலம் என்று தெரிந்தும் வேறு வழியில்லை. மனைவி யாழ்ப்பாணம். முந்திய லீவெல்லாம் நல்லூர்த் திருவிழா, அவளுடைய அக்கா வீடு என்றே போய்விட்டது. பிள்ளைகள் தோட்டத்தைப் பார்த்ததே இல்லை.

போனிலேயே மாமா தீர்ப்புச் சொல்லிவிட்டார். "வீட்டுக்குத்தான் வரணும். வெளிய தங்கினா லயத்துல என்னைய என்ன நெனைப்பாங்க?" வீடு என்றால் பழைய லயம், தோட்டத் தொழிலாளிகளின் வரிசை வீடுகளில் ஒன்று. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா ஒன்று, முன்னால் இஸ்தோப்பு என்கிற திண்ணை, பின்னால் பலகையடித்து இறக்கிய குசினி. மாமா, அத்தை, மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள். மனைவி கேட்டாள்: "இஞ்சேருங்கோ, நாங்கள் நாலு பேரும் போய் நிண்டால் அந்தச் சனம் எங்க படுக்கும்?" அதுவும் நியாயம்தான். ஆக, முதலில் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பழைய தொரை பங்களாவில் அறை போட்டோம். இப்போது அது சுற்றுலாக்காரர்களுக்கான தங்குமிடம்.

அந்தப் பங்களாவில் என் தாத்தா பூந்தோட்டம் பார்த்தவர். வெள்ளைக்காரத் தொரை இருந்த காலத்தில் அந்தப் பாதையில் போகிறவன் குடையை மடக்கி, தலைத்துண்டை எடுத்துவிட்டுத்தான் போகவேண்டும். 1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது, 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பெனிகளிடம் போனது. எது மாறினாலும் எங்கள் ஆட்களுக்குப் பங்களாவின் வாசல் குசினிப் பக்கம்தான். நான் பாஸ்போர்ட்டைக் கொடுத்து முன்வாசல் வழியாகப் போனேன். நெருப்பு மூட்டின கணப்பு, வெள்ளை விரிப்பு, சைப்ரஸ் வேலி. பிள்ளைகளுக்குக் குஷி.

மறுநாள் காலை, அங்கே வேலை செய்கிற ஒரு பையன் வந்து காதோரம் சொன்னான். "அண்ணே, உங்க மாமா குசினிப் பக்கம் நிக்கிறாரு. முன்னுக்கு வாங்கன்னா வர மாட்டேங்கிறாரு." அவனும் லயத்துப் பிள்ளைதான், அவனுக்கே தர்மசங்கடம். போய்ப் பார்த்தால் மாமா ஒரு பையோடு நிற்கிறார். பைக்குள் அவருடைய மரக்கறிப் பாத்தியில் பிடுங்கின லீக்ஸும் கரட்டும். ஓட்டலுக்கு யாராவது லீக்ஸ் கொண்டுவருவார்களா? மாமா கொண்டுவருவார். "இல்லடா தம்பி, காலெல்லாம் சேறு, இங்கனயே பேசிருவோம்" என்றார். கையைப் பிடித்து முன்பக்கப் புல்தரைக்குக் கூட்டிவந்தேன். பிரம்பு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். சாயவே இல்லை.

தேத்தண்ணி வந்தது. வெள்ளிக் கூசா, பால் தனி, சீனி தனி. மாமா முப்பது வருசத்துக்கு மேல் கவ்வாத்து வெட்டினவர். ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"சாயமே ஏறலையே. எந்த மலைக் கொழுந்துடா இது?"

பையன் ஏதோ தரத்தின் பேரைச் சொன்னான். "அதெல்லாம் சரி, தூள் இல்லையா?" என்றார் மாமா. பையன் சிரித்துக்கொண்டே உள்ளே போய், வேலைக்காரர்கள் குடிக்கிற பிளேன்டீயைக் கிளாசில் கொண்டுவந்தான், சீனி தூக்கலாக. அப்போதுதான் மாமா நாற்காலியில் சாய்ந்தார்.

அன்றைக்குத் தோட்டத்தில் நாள் சம்பளம் 1,000 ரூபாய். அது 1,350 ஆனது அடுத்த மாதம்தான். மாமாவின் மருமகள் கொழுந்து பறிக்கிறாள். என் மகன் போனில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அந்த அறையின் ஒரு ராத்திரி வாடகை அவளுடைய இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் என்று சொன்னான். மனைவி என்னைப் பார்த்தாள். மீதி நாட்களுக்கான அறையை ரத்துச் செய்துவிட்டு லயத்துக்குப் போனோம்.

படுப்பதற்கு இடமில்லை என்று நாங்கள் லெஸ்டரில் உட்கார்ந்து யோசித்த பிரச்சினையை லயம் அரை மணி நேரத்தில் தீர்த்தது. மூன்றாவது காம்பராக்காரர்கள் கொழும்பில் வேலை. திறப்பு (சாவி) அடுத்த வீட்டு ஆயாவிடம். ஒரு போன் கோல் எடுத்தார்கள், கதவு திறந்தது. பெண்களும் பிள்ளைகளும் அங்கே, ஆண்கள் இஸ்தோப்பில். மகள் முதல் ராத்திரி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். அடுத்த நாள் மாமாவின் பேத்தியோடு ஒரே கம்பளிக்குள்.

கஷ்டம் இல்லை என்று சொல்லமாட்டேன். கக்கூசு வடிகால் கானுக்கு அந்தப் பக்கம். ராத்திரி, மழை, டோர்ச் லைட். மகன் திரும்பி வந்து விளக்கடியில் பார்த்தால் கால் விரல் இடுக்கில் அட்டை. அவன் போட்ட சத்தத்தில் லயமே எழும்பியது. அத்தை அவசரப்படாமல் சவர்க்காரத் துண்டை நனைத்துத் தேய்த்தார், விழுந்துவிட்டது. அதற்கப்புறம் அவனுக்கு எத்தனை அட்டை கடித்தது என்பதில் ஒரு பெருமை. உடுப்பு ஒன்றும் காயவில்லை. அடுப்புக்கு மேல் கட்டின கொடியில் போட்டுக் காயவைத்ததில் எல்லாம் புகை வாசம். பெட்டியை இங்கே வந்து திறந்தபோதும் அதே வாசம்தான்.

காலையில் மருமகள் இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு மலைக்குப் போனாள். மகளும் பின்னால் போய் நிறுவை முடியும் வரை நின்றிருக்கிறாள். ஈரக் கொழுந்து என்று சொல்லித் தராசில் கிலோ கழித்ததைப் பார்த்துவிட்டு, "ஏன் யாரும் கேட்கவில்லை?" என்று ராத்திரி முழுக்க என்னை நச்சரித்தாள். கிலோ குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான் போடுவார்கள் என்பதை அவளுக்கு விளக்க எனக்குப் பொறுமை போதவில்லை. மருமகளே விளக்கினாள்.

இன்னொன்று. தோட்டத்துக் கடையில் மாமாவின் கடன் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். கோழி, ஜாம் போத்தல், சோடா, கக்கூசு பேப்பர், பிள்ளைகளுக்கென்று சீஸ் கட்டி. எல்லாம் நாங்கள் வரும் வாரத்துத் தேதி. கணக்கை முடித்துவிட்டு முன்பணமும் கொஞ்சம் கொடுத்துவிட்டு வந்தேன். மாமாவுக்கு விஷயம் தெரிந்து ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. பேசாவிட்டால் பரவாயில்லை, மறுபடி போனாலும் அதைத்தான் செய்வேன். கையில் காசைத் திணிப்பதைவிடக் கொப்பியை முடிப்பது மரியாதை என்பது என் கட்சி.

(இடையில் பேராதனைப் பூங்காவுக்கும் போனோம். 1821இல் தொடங்கின பூங்கா, அந்தப் பெரிய ஜாவா அத்தி மரத்தடியில் பிள்ளைகள் நாள் முழுக்க இருந்திருப்பார்கள். ஆனால் வாசலில் உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை, வெளிநாட்டுக்காரருக்கு ஒரு விலை. என் பழைய அடையாள அட்டை செல்லுபடியானது. பிள்ளைகள் வெளிநாட்டார். ஒரே குடும்பத்துக்கு இரண்டு விதமான டிக்கெட்.)

அட்டன் தம்பி:

அண்ணே, வர்ற ஆள் கதை கேட்டாச்சு, வரவேற்கிற ஆள் கதையையும் கேளுங்கள்.

எங்கள் சித்தப்பா குடும்பம் கனடாவிலிருந்து வருகிறது என்று கேள்விப்பட்டதும் அம்மா சீட்டை முன்கூட்டியே எடுத்தார். எதற்கு? கொமட் கக்கூசு கட்ட. "அந்தப் பிள்ளைங்க குந்தி உட்காரத் தெரியாதவங்க" என்று. மேசன் பாஸ் வந்து டைல் பதித்து, கொமட் வைத்து, தண்ணீர் தாங்கியும் வைத்தாயிற்று. வந்தவர்கள் நுவரெலியாவில் ரூம் போட்டுவிட்டார்கள். ஒரு மத்தியானம் வந்து சாப்பிட்டுவிட்டு, படம் பிடித்துவிட்டு, பின்னேரம் போய்விட்டார்கள். ஒருவர்கூட அந்தக் கக்கூசுக்குப் போகவில்லை! அம்மா வாய்விட்டுக் கேட்டே விட்டார், "யாருக்கும் வரலையாப்பா?" என்று.

சீட்டுக் காசு கட்டி முடிய அடுத்த வருசமாகிவிட்டது. சித்தப்பா மேல் எனக்குக் கோபம் என்று நினைக்காதீர்கள். எங்களுக்கு இப்போது நல்ல கக்கூசு இருக்கிறது. ஆனால் எங்கே தங்குவீர்கள் என்பதைத் தயவுசெய்து முன்னாலேயே சொல்லுங்கள். "வந்து பார்ப்போம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இங்கே மெத்தை வாங்குகிறார்கள்.

குவைத்திலிருந்து ஓர் அக்கா:

நான் குடும்பத்தோடு லீவுக்கு வருகிறவள் இல்லை, குடும்பத்தைப் பார்க்க லீவுக்கு வருகிறவள். வீட்டு வேலை. கடைசி மகன் கைப்பிள்ளையாக இருக்கும்போது போனேன். முதல் தடவை திரும்பி வந்தபோது அவன் என்னை ஆன்ட்டி என்று கூப்பிட்டான், அம்மா என்று எங்கள் அம்மாவைக் கூப்பிட்டான். கோபப்பட்டு என்ன செய்ய? அவர்தானே வளர்த்தார். திரும்பும் நேரத்தில் "அந்த அம்மா" என்கிற அளவுக்கு வந்தான். போதும் என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கே படுப்பது என்று கேட்கிறீர்கள். நான் அனுப்பின காசில் இஸ்தோப்பை அடைத்து ஓர் அறை எடுத்தார்கள். அதில் தம்பியும் அவன் பெண்சாதியும். நான் வந்தால் குசினியில் பாய் போட்டுக்கொள்வேன். அடுப்புச் சூடு இருக்கும், குளிர் தெரியாது. மனக்குறையாகச் சொல்லவில்லை. ஆனால் வந்த அன்றைக்கே கடன் கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் ஏதாவது வழி இருந்தால் யாராவது எழுதுங்கள்.

கூடலூர்ப் பேரன்:

நான் எழுதலாமா தெரியவில்லை, என்னுடையது தலைகீழ்க் கதை. 1964இல் போட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதாகவும் 3,00,000 பேரை இலங்கையே வைத்துக்கொள்வதாகவும் பேசினார்கள் இல்லையா, அதில் இந்தியாவுக்கு எழுதப்பட்ட குடும்பம் எங்களுடையது. அப்பா மஸ்கெலியாவில் பிறந்தவர். பையனாக இருக்கும்போது தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, கடைசியில் நீலகிரியில் தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டம். அதே கொழுந்துதான். அப்பாவின் அக்கா ஒருவர் மட்டும் கல்யாணமாகி அங்கேயே தங்கிவிட்டார்.

அப்பாவுக்கு வயதான பிறகு கூட்டிக்கொண்டு போனேன். பழைய மஸ்கெலியா டவுனே மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. நாங்கள் போனது வெயில் காலம், தண்ணீர் இறங்கியிருந்தது. பழைய கோயில் சேற்றுக்கு மேல் தெரிந்தது. அப்பா கரையில் நின்று கடை கடையாகக் கை நீட்டிச் சொன்னார்: இது துணிக்கடை, இது பாண் பேக்கரி, இங்கேதான் படக்கொட்டகை. எனக்குத் தண்ணீரும் சேறும்தான் தெரிந்தது.

பிறகு அவர் பிறந்த லயத்துக்குப் போனோம். முன்பின் தெரியாத குடும்பம். விஷயத்தைச் சொன்னதும் அந்த வீட்டுக்காரர், "அப்ப இது ஒங்க வீடுதானே, ராத்திரிக்கு இங்கனயே இருங்க" என்றார். அக்கா வீட்டில் இடம் இருந்தும் அப்பா அங்கேதான் படுப்பேன் என்று அடம்பிடித்தார். அத்தைக்குச் சரியான கோபம். "கூடப் பொறந்தவ இங்க இருக்கேன், யார் வீட்லயோ போய்ப் படுக்கிறான் பாரு" என்று விடியவிடியப் புலம்பித் தள்ளிவிட்டார்.

மெல்பர்ன் வாசகி:

டிசம்பரில் இரண்டு பிள்ளைகளோடு பொகவந்தலாவைக்குப் போகிறோம். மாமியார் வீடு. லயம் இல்லை, இந்திய வீட்டுத் திட்டத்தில் கிடைத்த தனி வீடு, ஏழு பேர்ச் காணியோடு. அங்கேயே தங்கலாம் என்று இருக்கிறோம். என்ன கொண்டுபோக வேண்டும்?

லிந்துலைக்காரன்:

தங்கச்சி, தனி வீடு என்றால் பாதிப் பிரச்சினை முடிந்தது. சொக்லட் சுமந்துகொண்டு போகாதீர்கள், எல்லாம் அட்டனிலேயே கிடைக்கும். பெரியவர்களுக்குத் தடிப்பான சொக்ஸும் சுவெட்டரும், பிள்ளைகளுக்கு ரப்பர் பூட்ஸும் எடுங்கள். டிசம்பர் உந்துவப் போயாவோடு (பௌர்ணமியோடு) சிவனொளிபாத மலை சீசன் தொடங்கிவிடும், அட்டன் பக்கம் பஸ், வேன், ரூம் எல்லாம் நெருக்கம். கோச்சியில் (ரயிலில்) வருவதாக இருந்தால் அட்டனில் இறங்குங்கள், சீட் ஒரு மாதம் முன்னாலேயே போட்டுவைக்க வேண்டும். போனவுடன் கடைக்காரரைப் பழக்கம் பிடித்துக்கொள்ளுங்கள், கொப்பி விஷயம் மாமியாருக்குத் தெரியவேண்டாம்.

குவைத் அக்காவுக்கு: கடன் கேட்டு வருகிறவர்களிடம் "காசெல்லாம் தம்பி பெயரில் பேங்கில்" என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம் தம்பி பாடு.