பெல்ஃபாஸ்ட்டில் சுவர்ப் பக்கம் குடியிருப்பவர்களே, இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

லனார்க்வே_வாசி

நானே ஆரம்பிக்கிறேன். வட அயர்லாந்தில் கத்தோலிக்கர் தெருக்களையும் புராட்டஸ்டன்ட் தெருக்களையும் பிரிக்கிற இந்தச் சுவர்களின் கதையெல்லாம் உங்களுக்கே தெரியும். 2021 ஏப்ரலில் கலவரத்தின்போது சுவரில் இருக்கிற லனார்க் வே கேட் பக்கத்தில் பஸ்ஸை எரித்தார்களே, அதே வருஷக் கோடை. இரவு ஒன்பதரை. சுவருக்கு அந்தப் பக்கம் டமால் என்று ஒரு சத்தம். எங்கள் பக்கத்துப் பையன்கள் பத்துப் பன்னிரண்டு பேர் "பெட்ரோல் குண்டு" என்று கத்திக்கொண்டு கல் பொறுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

எதிர்வீட்டுப் பாட்டி வெளியே வந்தார். நைட்டிக்கு மேலே மஞ்சள் ரிஃப்ளெக்டர் ஜாக்கெட், காதில் போன். "உங்க பக்கம் என்ன சத்தம்? பட்டாசா? நிச்சயமா? யாருக்கும் அடி இல்லையே? சரி." அவ்வளவுதான். பையன்களிடம், "ராக்கெட்டு வெடிச்சிருக்கு, போய்ப் படுங்கடா" என்றார். முனகிக்கொண்டே கலைந்துவிட்டார்கள்.

போனை என்னிடம் நீட்டி, கண்ணாடி இல்லை, கட் ஆகிவிட்டதா பார் என்றார். திரையில் 'பிளம்பர்' என்று இருந்தது. அந்தப் பக்கத்தில் இதே வேலை பார்க்கிற ஆளாம். வதந்தி கிளம்பினால் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்வது பல வருஷப் பழக்கம். பிளம்பர் எதற்கு என்றேன். "அந்தப் பக்கத்து ஆள் பேரு அந்தக் காலத்துல யார் கண்ணிலயாவது பட்டா வம்பு" என்றார். அந்த ஒரு பெயர் இன்னும் மண்டைக்குள் ஓடுகிறது.

தூத்துக்குடி_நர்ஸ்

ஊரில் 'ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா' என்று கேட்டால் கல்யாணப் பேச்சு என்று அர்த்தம். இங்கே வந்த புதிதில் அதே கேள்வியை வேறு குரலில் கேட்டபோது வயிறு கலங்கியது.

என் கதை கிளோனார்ட் கத்தோலிக்கக் கோயிலில். அந்த மடமும் புராட்டஸ்டன்ட் தரப்பு ஃபிட்ஸ்ராய் பிரெஸ்பிட்டேரியன் சபையும் 1981லிருந்து சேர்ந்து கூடுவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஃபாதர் ஜெரி ரெனால்ட்ஸ், பாஸ்டர் கென் நியூவெல் இருவரும் சேர்ந்து வளர்த்த வேலை. ஒரு ஞாயிறு பூசைக்கு புராட்டஸ்டன்ட் பகுதியான ஷாங்கில் பக்கத்திலிருந்து ஒரு தாத்தா வந்து கடைசி பெஞ்சில், என் பக்கத்தில் உட்கார்ந்தார். முழங்காலிடவில்லை, எழுந்து போகவும் இல்லை. சமாதானம் சொல்லும் நேரத்தில் கையை நீட்டினேன். அவர் கை வெடவெடவென்று நடுங்கியது. இத்தனை வயதில் இந்த வாசலைத் தாண்டுவது இதுதான் முதல் தடவை என்றார். அப்புறம் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லையே என்று இன்னும் வருத்தம்.

பழைய_பெல்ஃபாஸ்ட்காரன்

கை குலுக்கல், போன் எல்லாம் சரி. சுவர் போயிற்றா? 1969இல் தற்காலிகம் என்று எழுப்பியது. 2023க்குள் எல்லாவற்றையும் அகற்றுவோம் என்று 2013இல் அரசு சொன்னது. 2023ம் போய்விட்டது. சுவரை ஒட்டிய பாம்பே தெருவில் என் நண்பன் வீட்டுக் கொல்லைக்கு மேலே, அந்தப் பக்கத்திலிருந்து கல் விழாமலிருக்க, இன்றும் கம்பிக்கூண்டு இருக்கிறது. அதற்குள்ளே உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன், கோழி மாதிரி.

புதிதாக வருகிறவர்கள் கவனிக்க: செல்டிக் (கத்தோலிக்கர் ஆதரிக்கிற கால்பந்து அணி), ரேஞ்சர்ஸ் (புராட்டஸ்டன்ட்கள் ஆதரிக்கிற அணி) ஜெர்சி இரண்டையும் போடாதீர்கள். ஜூலை 11 ராத்திரி புராட்டஸ்டன்ட் பகுதிகளில் சொக்கப்பனை எரியும் இடத்துக்கு வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். வாடகைக்கு வீடு பார்ப்பவர்கள் ஜூலையில் ஒரு நடை போய் விளக்குக் கம்பத்தில் என்ன கொடி என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். 'எந்தப் பள்ளியில் படித்தாய்' என்று யாரையும் கேட்காதீர்கள், அது மதத்தைக் கேட்பதுதான். 'எச்' எழுத்தை 'ஹெய்ச்' என்று சொன்னாலே கத்தோலிக்கர் என்று முடிவுகட்டிவிடுவார்கள். பிள்ளைகளுக்கு இருதரப்பும் சேர்ந்து படிக்கிற பள்ளி கிடைத்தால் விடாதீர்கள். 1981இல் லகன் காலேஜை 28 பிள்ளைகளோடுதான் தொடங்கினார்கள்.

நியூட்டனார்ட்ஸ்_ரோடு

அண்ணே, யாரும் வாடகை வீடு கேட்கலையே! சுவர் இருக்கிறது, யார் இல்லை என்றார்கள்? அதற்காகப் பாட்டி போனை எடுக்காமல் இருந்திருக்க வேண்டுமா?

என்னுடையது சின்னது. கிழக்கு பெல்ஃபாஸ்ட்டில், புராட்டஸ்டன்ட் பகுதி நடுவிலேயே, லிண்டா எர்வின் நடத்துகிற 'துரஸ்' ஐரிஷ் வகுப்பு. ஐரிஷ் என்றாலே கத்தோலிக்கப் பக்கத்துப் பாஷை என்று வளர்ந்தவர்கள்தான் பாதிப் பேர். ஒருநாள் ஊர்ப்பெயர்ப் பாடம். 'ஷாங்கில்' என்பதே ஐரிஷ்தான், 'பழைய கோயில்' என்று அர்த்தம் என்று சொன்னார்கள். ஷாங்கிலில் பிறந்து வளர்ந்த ஒரு பெரியவர் ஒரு நிமிஷம் பேசவே இல்லை. பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "பிறந்ததிலிருந்து வாயைத் திறந்தாலே ஐரிஷ்தான் பேசியிருக்கேன், ஒருத்தனும் சொல்லலையே!"

லனார்க்வே_வாசி

அண்ணன் சொன்ன கொடி விஷயம் உண்மைதான், நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். அது வேறு கதை.

பாட்டி போன மாதம் போன் மாற்றினார். எண்களை ஏற்றிக்கொடுத்தது நான்தான். இனி நிஜப் பெயரைப் போடட்டுமா என்றேன். வேண்டாமாம், விரல் 'பிளம்பர்' என்றுதான் தேடுமாம். குழாய் ரிப்பேருக்கு வருகிற நிஜ ஆள் 'பிளம்பர் 2'.