இஸ்லாமியத் தத்துவம் குர்ஆனிலிருந்து வந்ததா, கிரேக்கத்திலிருந்தா?

பாரூர்க்காரன்:
அஸ்ஸலாமு அலைக்கும். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் கம்பெனியில் வேலை. கூடவே தபால் வழியில் தத்துவம் எம்.ஏ. படிக்கிறேன். சீசனில் ராத்திரி ஷிப்ட், பாய்லர் சத்தத்துக்கு நடுவில்தான் பாடம். சந்தேகம் இதுதான். அரிஸ்டாட்டிலை அரபியில் எழுதியதுதான் இஸ்லாமியத் தத்துவம் என்கிற மாதிரியே பாடம் போகிறது. ஜும்ஆ பயானில் (வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவில்) ஹஜ்ரத்தோ, "இமாம் கஸ்ஸாலி தத்துவக்காரர்களைத் தோலுரித்துவிட்டார், அந்தப் பக்கமே போகாதீர்கள்" என்கிறார். இரண்டு பேர் சொல்வதையும் பார்த்தால் குர்ஆனுக்கும் தத்துவத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றாகிறது. அப்படியென்றால் இப்னு ருஷ்து என்ற தத்துவவாதி குர்ஆன் வசனங்களை ஆயத் ஆயத்தாக எடுத்துப் போட்டு வாதாடுவது எதற்கு?

ஓசூர் ஷிப்ட்:
சரக்கு கிரேக்கம்தான் பாய். பாக்தாதில் 9ஆம் நூற்றாண்டில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் போன்றவர்கள் மொழிபெயர்த்தார்கள். அவர் கிறிஸ்தவர் வேறு. ஆயத்தெல்லாம் உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) வாயை அடைக்க மேலே ஒட்டிய லேபிள்.

தருமபுரி வாத்தியார்:
வ அலைக்குமுஸ்ஸலாம் தம்பி. பள்ளிக்கூடத்தில் அரபி, உருது சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். ஓசூர்க்காரர் சொல்வதில் பாதி சரி. கருவிகள் கிரேக்கத்திலிருந்து வந்தன, யாரும் மறுக்கவில்லை. ஆனால் லேபிள் என்றால் பிய்த்துப் போட்டாலும் உள்ளே இருப்பது மாறக் கூடாது. இங்கே மாறும்.

யாசீன் சூராவையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் மய்யித்துக்கு (இறந்தவருக்கு) ஓதுகிறோமே, அதன் கடைசியில் ஒருவன் மக்கிப்போன எலும்பைப் பற்றி "இதை யார் உயிர்ப்பிப்பான்" என்று கேட்கிறான். முதலில் படைத்தவனே உயிர்ப்பிப்பான், பச்சை மரத்திலிருந்து நெருப்பைத் தருகிறவன் அவன் என்று பதில் வருகிறது. அல்கிந்தி என்ற அரபுத் தத்துவவாதி அரிஸ்டாட்டிலின் நூல்களைப் பட்டியல் போட்டு எழுதிய ஒரு நூலில் திடீரென்று இந்த ஆயத்துகளில் நின்றுவிடுகிறார். நெருப்பல்லாததிலிருந்து நெருப்பு வருகிறது என்றால், இல்லாததிலிருந்து ஒன்று வருவதும் முடியும் என்று அதை வாதமாகவே விரிக்கிறார். இத்தனை சுருக்கமாக எந்தத் தத்துவவாதியாலும் சொல்ல முடியாது என்பது அவர் கணிப்பு. உலகம் என்றென்றும் இருந்தது என்று சொன்ன அரிஸ்டாட்டிலோடு அவர் முரண்படும் இடமும் இதுதான். வெறும் லேபிளுக்கு இந்த வேலை இல்லை.

அடுத்து இப்னு ருஷ்து. அவர் காஜி (நீதிபதி) என்பதை மறந்துவிடுகிறார்கள். அவருடைய 'ஃபஸ்லுல் மகால்' என்ற நூல் ஒரு ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) மாதிரிதான் தொடங்குகிறது: தத்துவம் படிப்பது ஷரீஅத்தில் கூடுமா, விலக்கா, கடமையா? "பார்வையுடையோரே, படிப்பினை பெறுங்கள்" என்கிற 59:2ஐ (59ஆம் சூரா, 2ஆம் ஆயத்) வைத்து, தகுதியுள்ளவர்களுக்குக் கடமை என்று தீர்ப்புச் சொல்கிறார். அப்புறம் 3:7. உங்கள் வீட்டு குர்ஆனைத் திறந்து பாருங்கள், அந்த ஆயத்தில் "அல்லாஹ்வைத் தவிர" என்ற இடத்தில் நிறுத்தற்குறி இருக்கும். அங்கே நிறுத்தினால், மறைபொருளான வசனங்களின் விளக்கம் அல்லாஹ்வுக்கு மட்டுமே தெரியும். நிறுத்தாமல் "கல்வியில் உறுதியானவர்களும்" வரை ஓதினால் அவர்களுக்கும் தெரியும். இப்னு ருஷ்து இரண்டாவதாகத்தான் ஓதுகிறார். பெரும்பாலான உலமாக்கள் முதலாவது. மூச்சை எங்கே விடுவது என்பதில் ஒரு தத்துவமே நிற்கிறது! ஓதக் கற்றுக்கொடுக்கும்போது பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் கண் விரிந்துவிடும்.

பாரூர்க்காரன்:
நன்றி ஐயா. ஆனால் கஸ்ஸாலி? ஹஜ்ரத் சொன்னது தப்பா?

தருமபுரி வாத்தியார்:
தப்பில்லை, பாதியில் நிறுத்திவிட்டார். 1095இல் முடித்த 'தஹாஃபுத்' என்ற நூலில் கஸ்ஸாலி இருபது விஷயங்களில் தத்துவவாதிகளை மறுத்தார். அதில் மூன்றில்தான் குஃப்ர் (இறைமறுப்பு) என்றார்: உலகம் அநாதி என்பது, இறைவன் தனித்தனிச் சங்கதிகளை அறிவதில்லை என்பது, உடலோடு எழுப்பப்படுவதை மறுப்பது. தர்க்கத்தை அவர் தள்ளவே இல்லை. 'அல்கிஸ்தாஸுல் முஸ்தகீம்' என்ற நூலில் அரிஸ்டாட்டிலின் தர்க்க வடிவங்களைக் குர்ஆனிலிருந்தே எடுத்துக் காட்டுகிறார். இப்ராஹீம் நபி அரசனிடம் "என் இறைவன் சூரியனைக் கிழக்கில் உதிக்கச் செய்கிறான், நீ மேற்கில் உதிக்க வை" என்றாரே (2:258), அது ஒரு வடிவம். வானத்திலும் பூமியிலும் வேறு தெய்வங்கள் இருந்திருந்தால் இரண்டும் சீர்கெட்டிருக்கும் என்பது (21:22) இன்னொன்று. இல்லையே, சீர்கெடவில்லையே, ஆகவே வேறு தெய்வமில்லை. பயானில் இதையும் சொல்லியிருந்தால் உங்களுக்கு இந்தக் குழப்பமே வந்திருக்காது.

ஓசூர் ஷிப்ட்:
சரி வாத்தியாரே, அல்கிந்தி விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 24:35, இறைவனின் ஒளியை மாடத்தில் கண்ணாடிக்குள் இருக்கும் விளக்குக்கு ஒப்பிடும் ஒளி ஆயத்துக்கு, தத்துவவாதி இப்னு சீனா சொல்லும் விளக்கம்? மாடம் என்பது வெறும் ஆற்றலாக இருக்கும் அறிவாம், கண்ணாடி இன்னொரு நிலையாம், எண்ணெயைப் பற்றவைக்கும் நெருப்பு செயல்படும் பேரறிவாம். ஆயத் அதைச் சொல்கிறதா, அவர் சொல்ல வைக்கிறாரா?

தருமபுரி வாத்தியார்:
அவர் சொல்ல வைக்கிறார். அங்கே உங்கள் லேபிள் வாதத்துக்கு இடமிருக்கிறது, நானும் அதை ரசித்ததில்லை. ஆனால் அதே ஆயத்துக்குக் கஸ்ஸாலி 'மிஷ்காத்துல் அன்வார்' என்று தனி நூலே எழுதினார். அதிலும் மாடம், கண்ணாடி, விளக்கு எல்லாம் மனித ஆத்மாவின் படிநிலைகளாகத்தான் வருகின்றன. எதிர்த்தவரும் அந்த வழியிலேயே நடந்திருக்கிறார், அதை எங்கே வைப்பீர்கள்?

தம்பி, பரீட்சைக்கு முன்னால் 'ஃபஸ்லுல் மகால்' படித்துவிடுங்கள். சின்ன நூல், இங்கிலீஷில் கிடைக்கும். 'தஹாஃபுத்'தை சீசன் முடிந்ததும் எடுங்கள், தூக்கக் கலக்கத்தில் அது ஓடாது.