பள்ளி வளர்ச்சித் திட்டம்: கழிப்பறையா, சுற்றுச்சுவரா?

கேள்வி:
எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் 140 பிள்ளைகள், அதில் பெண் பிள்ளைகள் 76. மேலாண்மைக் குழுவில் வளர்ச்சித் திட்டம் போடுகிறோம். பாதிப் பேர் சுற்றுச்சுவர் என்கிறார்கள், பாதிப் பேர் கழிப்பறை என்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு இப்போது இரண்டு அறை இருக்கிறது. எப்படி முடிவெடுப்பது? போன தடவை போட்ட தீர்மானம் அப்படியே கிடக்கிறது.

பதில் 1:
கூட்டத்தில் கை தூக்கச் சொல்லாதீர்கள், சத்தமாகப் பேசுகிறவர் பக்கம்தான் போகும். அதற்கு முன் இரண்டு அம்மாக்களை இடைவேளையில் கழிப்பறை வாசலில் நின்று எத்தனை பேர் போய்வருகிறார்கள் என்று எண்ணச் சொல்லுங்கள். இடைவேளை 10 நிமிடம், ஒரு பிள்ளைக்கு ஒன்றரை நிமிடம் என்றால் இரண்டு அறையில் 13 பேர்தான் போய்வர முடியும். மற்ற 63 பேர் அடக்கிக்கொண்டு வகுப்புக்குத் திரும்புவார்கள், இல்லையென்றால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். 40 பேருக்கு ஒன்று என்ற கணக்கில் இரண்டு அறை சரிதான். ஆனால் நெரிசலைத் தீர்ப்பது சிறுநீர் கழிக்கும் தடுப்புகள். நான்கு தடுப்பு சேர்த்தால் அதே 10 நிமிடத்தில் 40 பேர் வரை போகலாம். 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை ஒரு நேரம், 6 முதல் 8 வரை வேறு நேரம் என்று மணியை மாற்றினால் மீதியும் சரியாகும். அதற்குக் காசே வேண்டாம்.

இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை கொடுத்து, வேலைகளின் பெயர் எழுதிய கட்டங்களில் ஓட்டாகப் போடச் சொல்லுங்கள். பெண்கள் முதலில் போடட்டும். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் திரும்பிய பிறகு கூட்டத்தை வையுங்கள்.

பதில் 2:
கட்டுமானம் பற்றி. புதுக் கழிப்பறை பூட்டிக் கிடப்பதற்குப் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். மோட்டார், மேல்தொட்டி, குழாய் மூன்றும் ஒரே மதிப்பீட்டில் வர வேண்டும். கதவின் அடிப்பக்கம்தான் முதலில் போகும், மரக்கதவு வேண்டாம். தாழ்ப்பாளைச் சின்னப் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். கழிவுத் தொட்டி ஆழ்துளைக் கிணற்றிலிருந்து 15 மீட்டருக்காவது தள்ளி இருக்கட்டும். சாய்தளம் 1:12, அதாவது தரை 45 செ.மீ. உயரமென்றால் சாய்தளம் 5.4 மீட்டர் நீளம். இடமில்லை என்று 2 மீட்டரில் முடித்தால் சக்கர நாற்காலியைத் தள்ளவே முடியாது.

பதில் 3:
தீர்மானம் கிடப்பதற்குக் காரணம் அதை எழுதிய விதமாக இருக்கும். 'கழிப்பறை வசதி வேண்டும்' என்று எழுதினால் யாரும் மதிப்பீடு போட முடியாது. 'மேற்குப் பக்கக் கழிப்பறைக்கு 2 கதவு, 3 குழாய், 1 பீங்கான் கோப்பை' என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள். சில்லறைப் பழுதைப் பள்ளி மானியத்தில் பாருங்கள். 101 முதல் 250 பிள்ளைகள் வரை ஆண்டுக்கு ரூ.50,000 என்பது விதி, அதில் 10 சதவீதமாவது தூய்மைக்குப் போக வேண்டும். புதுக் கட்டுமானத்தைத் தனித் தீர்மானமாக்கி, ஒன்றியப் பொறியாளரின் மதிப்பீட்டோடு வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். அதையே கிராம சபையிலும் நிறைவேற்றுங்கள். அக்டோபர் 2 கூட்டமென்றால் முன்கூட்டியே ஊராட்சிச் செயலரிடம் எழுதிக் கொடுத்துக் கூட்டப் பொருளில் சேர்க்க வேண்டும். அன்றைக்கு எழுந்து பேசினால் பதிவேட்டில் ஏறாமலே போய்விடும்.

கேட்டவர்:
நன்றி. சுற்றுச்சுவர் கேட்பவர்களுக்கு என்ன சொல்வது?

பதில் 3:
திட்டம் மூன்று ஆண்டுக்கானது. கொட்டை எண்ணிக்கையில் பின்தங்கினால் சுற்றுச்சுவரை இரண்டாம் ஆண்டில் எழுதி, அவர்களில் ஒருவரையே அந்த வேலைக்குப் பொறுப்பாகப் போடுங்கள். இப்போதைக்கு எல்லையை மட்டும் சர்வேயரை வைத்து அளந்து கல் நட்டுவிடுங்கள். சுவர் வேலை நின்றுபோவது பெரும்பாலும் பக்கத்து நிலத்துத் தகராறில்தான்.