நினைவு ஞாயிறு: போரில் மாண்டவர்களை 'இரத்தசாட்சிகள்' என்று வாசிக்கலாமா?

சபைச்செயலர்:
ஸ்தோத்திரம். நவம்பர் இரண்டாம் ஞாயிறு ஆராதனையில், பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாத எங்கள் சபையார் 23 பேரின் பெயர்களை வாசிக்கிறோம். அச்சுக்குப் போகும் ஒழுங்கில் "தேசத்துக்காக இரத்தசாட்சிகளாய் மரித்தோர்" என்று இருக்கிறது. வேதபாடம் யோவான் 15:13, சிநேகிதருக்காக ஜீவனைக் கொடுப்பதைவிட மேலான அன்பு இல்லை என்ற வசனம். இது சரிதானா? மௌனம் எப்போது? மலர்வளையத்தைப் பீடத்தில் வைக்கலாமா?

வேதமாணவன்:
அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள் ஐயா. கிறிஸ்துவை மறுதலிக்க மறுத்துச் செத்தவர்தான் இரத்தசாட்சி. 10ஆம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் நிக்கேபோரஸ், போரில் விழுந்த வீரர்களை இரத்தசாட்சிகளாக அறிவிக்கச் சொன்னார். பேராயர் பொலியூக்டஸ் மறுத்துவிட்டார். அதற்குக் காட்டிய ஆதாரம், 4ஆம் நூற்றாண்டில் செசரியாவின் பசிலியார் எழுதிய நியதி: போரில் கொன்றவனைக் கொலைகாரனாக எண்ணுவதில்லை, ஆனாலும் கை சுத்தமில்லாததால் 3 வருஷம் நற்கருணை எடுக்காமல் இருப்பது நல்லது. வீரனை இழிவுபடுத்த எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை. நியாயமான போரிலும் கொன்றவன் மனம் காயப்படும் என்பதைச் சபை அறிந்திருந்தது.

யோவான் 15:13 சிலுவைக்கு முந்தின இரவில் இயேசு சொன்னது. அதைப் பிரசங்கத்தில் சொல்லாவிட்டால், போரில் செத்தாலே இரட்சிப்பு என்று கேட்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். கூடவே 2 சாமுவேல் 1:19-27 வாசியுங்கள். உயிர்நண்பன் யோனத்தானுக்காக அழும் தாவீது, தன்னைக் கொல்லத் தேடிய சவுலுக்காகவும் அழுகிறான். இந்த நாளுக்கு இதைவிடப் பொருத்தமான பகுதி எனக்குத் தெரியவில்லை.

ஆராதனைக்குழு:
பெயர்களை அகரவரிசையில், பதவி சொல்லாமல் வாசியுங்கள். பிரிட்டிஷ் பேரரசின் படைகளில் மாண்டவர்களுக்காக 1917இல் தொடங்கிய போர்க்கல்லறை ஆணையம் அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே மாதிரிக் கல்தான் நட்டது. சென்னை நந்தம்பாக்கம் போர்க்கல்லறையிலும் அப்படித்தான். படைச் சின்னம், பதவி, பெயர், தேதி எல்லாம் கல்லுக்குக் கல் மாறும், கல் மாறாது. நோயில், விபத்தில் இறந்தவர்களையும் அந்த ஆணையம் விடவில்லை. நீங்களும் விடாதீர்கள்.

பெயருக்கு 4 விநாடி வைத்தால் 23 பேருக்கு ஒன்றரை நிமிஷம். இனிஷியலையும் உச்சரிப்பையும் முன்கூட்டியே வீட்டாரிடம் கேட்டுவிடுங்கள். தப்பாக வாசித்தால் அந்தத் தாய்க்கு மிச்சமெல்லாம் காதில் விழாது.

வரிசை: பெயர்கள், 'லாஸ்ட் போஸ்ட்' (பட்டாளத்தில் நாள் முடிவில் ஊதும் எக்காளம்), 2 நிமிஷ மௌனம், 'ரெவெய்லி' (காலையில் எழுப்ப ஊதும் எக்காளம்), ஜெபம். பெரும்பாலும் கெடுவது மௌனம்தான். ஐம்பதாவது விநாடியிலேயே நடத்துகிறவருக்குப் பொறுக்காது, பேச ஆரம்பித்துவிடுவார். கடிகாரத்தை வேறொருவரிடம் கொடுங்கள். அவர் கை காட்டும்வரை யாரும் மைக்கைத் தொடக்கூடாது. ஆம்ப்ளிஃபயர் இரைந்தால் அணைத்துவிடுங்கள். ஊத ஆள் இல்லையென்றால் மௌனத்துக்கு முன்னும் பின்னும் கோயில் மணியை ஒருமுறை அடியுங்கள், செல்போன் பதிவு வேண்டாம்.

பீடம் திருவிருந்துக்கு உரியது. மலர்வளையத்தைப் பெயர்ப்பலகையின் கீழே தரையில் வையுங்கள்.

மேய்ப்பன்மகள்:
ஜெபத்தைப் பற்றி ஒன்று. கத்தோலிக்கர் மரித்தோரின் ஆன்மாவுக்காக மன்றாடுவார்கள், நம் சீர்திருத்தச் சபைகளில் அந்த வழக்கம் இல்லை. இறந்தவர்களின் வாழ்வுக்காக நன்றி சொல்லி, உயிரோடிருப்பவர்களுக்காக ஜெபியுங்கள்: விதவைகள், ஊனமுற்றுத் திரும்பியவர்கள், இரவில் தூங்க முடியாதவர்கள். எதிர்ப்படையில் மகனைப் பறிகொடுத்த தாய்மார்களுக்கும் ஒரு வரி கட்டாயம் வேண்டும். சத்துருக்களைச் சிநேகிக்கச் சொல்லும் மத்தேயு 5:44 அன்றைக்கும் வேதவாக்கியம்தானே.

டிசம்பர் 7 படைவீரர் கொடி நாள். அன்றைய காணிக்கையில் ஒரு பகுதியை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கட்டி ரசீது வாங்கலாம்.

சபைச்செயலர்:
"படைப்பணியில் உயிர்நீத்த நம் சபையார்" என்று மாற்றிவிட்டோம். காய்ச்சலில் இறந்த இருவரை யாரோ பட்டியலில் விட்டிருந்தார்கள். இப்போது 25 பெயர்கள்.