மூன்றாம் பகுதிக்குத் தண்ணீர் வரவில்லை: தெளிப்பான் பழுது, உங்கள் அனுபவம் என்ன?

வீட்டுப் புல்தரையை நான்கு பகுதிகளாகப் பிரித்து, தானியங்கித் தெளிப்பான் போட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை ஒரு குறையும் வைத்ததில்லை. இப்போது மூன்றாம் பகுதியில் மட்டும் புல் வைக்கோல் நிறத்துக்குப் போய்விட்டது. மிதித்துவிட்டு வந்தால் காலடி பதிந்த இடம் நிமிராமல் அப்படியே மடிந்து கிடக்கிறது. நேரம் வைத்து தெளிப்பான்களை இயக்கும் கன்ட்ரோலரில் அந்தப் பகுதியை மட்டும் கையால் இயக்கிப் பார்த்தேன். திரையில் நிமிடங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. மண்ணிலிருந்து ஒரு தெளிப்பான்கூடத் தலை நீட்டவில்லை. மற்ற மூன்று பகுதிகளும் நன்றாக ஓடுகின்றன. அடியில் குழாய் உடைந்திருக்குமோ என்று சந்தேகம். நாளை தோண்டிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். இதே சிக்கலைச் சந்தித்தவர்கள் சொல்லுங்கள்.

* * *

தயவுசெய்து மண்வெட்டியை எடுக்காதீர்கள். நான் எடுத்தேன். இரண்டு நாள் தோண்டியதில் உடைந்த குழாய் எதுவும் கிடைக்கவில்லை; நன்றாக இருந்த குழாயில் வெட்டு விழுந்ததுதான் மிச்சம். ஒரு பகுதி முழுவதும் செத்துக் கிடக்கிறது, தரையில் எங்கும் ஈரமோ குட்டையோ இல்லை என்றால் குழாய் உடைப்புக்கு வாய்ப்புக் குறைவு. உடைந்திருந்தால் தண்ணீர் எங்காவது கொப்பளித்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

முதலில் வால்வுப் பெட்டியைத் தேடுங்கள். தரைமட்டத்தில் மூடி இருக்கும்; ஆறு ஆண்டுகளில் புல் அதை மூடியிருக்கலாம், நீளமான திருப்புளியால் குத்திப் பார்த்தால் தட்டுப்படும். உள்ளே மூன்றாம் பகுதியின் வால்வு மேல் உருளையாக, இரண்டு வயர்களோடு நிற்பதுதான் சோலனாய்டு, அதாவது மின்சாரம் வந்ததும் வால்வைத் திறக்கவைக்கும் மின்காந்தச் சுருள். அதைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கால் சுற்று மட்டும் திருப்புங்கள், அதற்கு மேல் வேண்டாம். முழுதாகக் கழற்றினால் உள்ளே இருக்கும் சிறு தண்டும் ஸ்பிரிங்கும் தண்ணீரோடு சீறி வெளியே வந்துவிடும்.

திருப்பியதும் தெளிப்பான்கள் எழுந்தால் தண்ணீர், குழாய், வால்வின் உள்பாகம் மூன்றும் நலம். பழுது மின்சாரப் பக்கம். எழவில்லை என்றால் கோளாறு தண்ணீர்ப் பக்கம்: எங்கோ ஒரு வால்வு மூடியிருக்கிறது, அல்லது அடைப்பு. இந்த ஒரு சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இதைச் செய்யாமல் எதையும் பிரிக்காதீர்கள், எதையும் வாங்காதீர்கள். எத்தனை பேர் குழாயைப் பழி சொல்லிக்கொண்டு தோட்டத்தைக் குதறிப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தாலே எனக்கு வருத்தமாக இருக்கிறது.

* * *

உங்களுக்குப் பொருந்தாது, ஆனாலும் படிக்கிறவர்களில் யாருக்காவது உதவும். எங்கள் வீட்டில் நான்கு பகுதிகளும் ஒரே நாளில் நின்றன. கன்ட்ரோலரில் விளக்கு எரிகிறது, நேரம் சரி, நிரல் சரி. காரணம் கூரையோரத்தில் பொருத்தியிருந்த மழை உணரி. அதற்குள் தண்ணீரை உறிஞ்சி உப்பும் வட்டத் தகடுகள் இருக்கின்றன; மழை பெய்தால் அவை உப்பி, தெளிப்பை நிறுத்தும், காய்ந்ததும் சுருங்கி மீண்டும் விடும். எங்களுடையது குப்பை சேர்ந்து உப்பிய நிலையிலேயே சிக்கிக்கொண்டது. பல கன்ட்ரோலர்களில் உணரியை ஒதுக்கிவைக்கும் சுவிட்சு உண்டு. எல்லாப் பகுதிகளும் ஒன்றாக நின்றால் அதைத் தட்டிப் பாருங்கள்.

* * *

எனக்கு நேர்மாறான தொல்லை: ஒரு பகுதி நிற்கவே மறுத்தது. கன்ட்ரோலரின் மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் தண்ணீர் பாய்ந்துகொண்டே இருந்தது. மின்சாரமே இல்லாதபோதும் பாய்கிறது என்றால் பழுது வால்வுக்குள்தான்.

முதன்மை வால்வை மூடிவிட்டு மேல்மூடியின் திருகுகளை எதிரெதிராக ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். உள்ளே ஒரு ஸ்பிரிங், அதற்குக் கீழே கறுப்பு ரப்பர் சவ்வு. சவ்வில் கிழிசல் இல்லை. அதைத் தூக்கியபோது, அது வந்து உட்காரும் வட்டவிளிம்பில் அரிசிக்குறுணை அளவில் ஒரே ஒரு கல் ஒட்டியிருந்தது. அந்தக் கல் இருக்கும்வரை சவ்வு முழுதாக அமராது, தண்ணீரும் நிற்காது. விரலால் எடுத்துப் போட்டுவிட்டு, சவ்வில் உள்ள சிறு துளையையும் தண்ணீர் ஊற்றிக் கழுவி மூடினேன். இதுவரை பிரச்சினை இல்லை. பழைய இடத்தில் பழைய திசையிலேயே எல்லாவற்றையும் வைக்க வேண்டும் என்பதால் பிரிக்கும்போதே கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முதன்மை வால்வைத் திரும்பத் திறக்கும்போது மெல்ல, மெல்லத் திறவுங்கள். சட்டென்று திறந்தால் தண்ணீர் மோதும் அதிர்ச்சியில் இணைப்புகள் விட்டுப்போகலாம்.

* * *

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. முடிவைச் சொல்லத்தான் வந்தேன்.

சோலனாய்டைக் கால் சுற்றுத் திருப்பினேன். சில நொடிகள் காற்று சீறும் ஓசை. பிறகு மூன்றாம் பகுதியின் தெளிப்பான்கள் வரிசையாக எழுந்து நின்றன. மண்வெட்டி தப்பியது, குழாயும் தப்பியது. பழுது மின்சாரத்தில் என்று தெரிந்துவிட்டது.

மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டேன். மூன்றாம் பகுதியை இயக்கிவிட்டு, கன்ட்ரோலரில் அதன் முனைக்கும் எல்லா வால்வுகளுக்கும் பொதுவான முனைக்கும் இடையே மாறுமின்னழுத்தம் அளந்தபோது 26 வோல்ட் காட்டியது. இந்த அமைப்புகள் 24 வோல்ட்டில் ஓடுபவை என்பதால் அது சரிதான். கன்ட்ரோலர் தன் வேலையைச் செய்கிறது. அதை அணைத்து, மூன்றாம் பகுதி வயரைக் கழற்றி, அதற்கும் பொது வயருக்கும் இடையே மின்தடை அளந்தேன். எண்ணே வரவில்லை. சுற்று எங்கோ அறுந்திருக்கிறது. வால்வுப் பெட்டிக்கு வந்து சோலனாய்டின் இரண்டு வயர்களையும் இணைப்பிலிருந்து பிரித்து நேரடியாக அளந்தால் 28 ஓம். நல்ல சுருள் பொதுவாக 20 முதல் 60 ஓம் வரை காட்டும். ஆக, சோலனாய்டும் நலம். இடையில் மிஞ்சியது வயரும் இணைப்பும்தான். மறுநாள் புதிய சோலனாய்டு வாங்குவதாக இருந்தேன், வாங்கியிருந்தால் வீண்.

இணைப்பை அப்போதுதான் கூர்ந்து பார்த்தேன். வெறும் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். பிரித்தபோது உள்ளே செம்புக் கம்பி பச்சையாகப் பூத்திருந்தது; இழுத்ததும் பொடியாகிக் கையில் வந்தது. எப்போதும் ஈரமாக இருக்கும் பெட்டிக்குள் டேப்பை நம்பியது பெரிய தவறு. இரண்டு வயர்களையும் பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டி, புதிதாகத் தோல் சீவி, உள்ளே கிரீஸ் நிரப்பிய நீர்புகா இணைப்பியில் முறுக்கி அடைத்தேன். கன்ட்ரோலரில் மூன்றை அழுத்தியதும் வால்விலிருந்து 'டக்' என்று ஓர் ஓசை. அந்த ஓசையைக் கேட்டபோது வந்த நிம்மதியை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

மூலையில் உள்ள கடைசித் தெளிப்பான் மட்டும் பாதி உயரத்தில் நின்றது. மூக்கைக் கழற்றினால் அடியில் இருந்த சல்லடையில் மணலும் வேர்நாரும். கழுவிப் போட்டதும் அதுவும் எழுந்தது.

மற்ற மூன்று வால்வுகளின் இணைப்புகளிலும் அதே கறுப்பு டேப்தான் சுற்றியிருக்கிறது. இந்தச் சனிக்கிழமை அவற்றையும் பிரித்து மாற்றப்போகிறேன்.