அடிப்புறம் வெளுத்த இலையுள்ள மரம்: என்னவென்று சொல்ல முடியுமா?

கேள்வி (இலங்கையின் வன்னியில், நெடுங்கேணிப் பக்கம்)

எங்கள் வயலுக்கு அப்பால், குளத்தின் அலைகரையைத் தாண்டிக் காடு தொடங்கும் இடத்தில், பாலை மரத்துக்கும் வீரை மரத்துக்கும் நடுவே இதுவரை நான் கவனித்திராத ஒரு மரம் நிற்கிறது. இலையின் மேற்புறம் கரும்பச்சை. அடிப்புறமோ துடைத்தாலும் போகாத சாம்பல் கலந்த வெண்மை. காற்று அடிக்கும்போது மரம் முழுவதும் வெளுத்துத் தெரிகிறது. குழப்பம் என்னவென்றால், அடிமரத்தில் வெடித்த தளிர்களின் இலைகள் நுனியில் தாறுமாறாகப் பிளந்து அகன்றிருக்கின்றன. உயரக் கிளைகளின் இலைகளோ நீண்டு ஒடுங்கி, ஏறத்தாழ வெட்டுகளே இல்லாமல் இருக்கின்றன. இரண்டும் ஒரே மரத்தின் இலைகள்தாமா என்றே சந்தேகம் வருகிறது.

மறுமொழி (மாங்குளம்)

சாவண்டலையாக இருக்கலாம். எங்கள் பக்கத்துக் காடுகளிலும் உண்டு.

மறுமொழி (ஒட்டுசுட்டான்)

தம்பி, சாவண்டலை இலை இதய வடிவில், நீண்ட காம்புடன், இரு புறமும் பச்சையாகவே இருக்கும், அடிப்புறம் வெளுத்திராது. நீங்கள் சொல்வது விண்ணாங்கு என்றே நினைக்கிறேன். இலையின் அடிப்பாகத்தைப் பாருங்கள்: காம்பின் ஒரு பக்கம் இறங்கியும் மறுபக்கம் ஏறியும் கோணலாக இருந்தால் அது பெரிய அடையாளம். பிறகு ஓர் உருப்பெருக்குக் கண்ணாடியால் வெண்மையான பக்கத்தைப் பார்த்தால், அது பூச்சு அன்று, நட்சத்திரம் போலக் கிளைத்த நுண்மயிர்களின் அடர்த்தி என்பது தெரியும். ஆனாலும் இலையை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம், காயைத் தேடுங்கள். சாவண்டலைக்குச் சிறகு காயின் மேலேயே விரிந்திருக்கும். விண்ணாங்கின் காயோ மரத்தன்மையுள்ள, ஐந்தாக வெடிக்கும் கூடு, சிறகு உள்ளேயிருக்கும் விதைக்குத்தான். இந்த ஒரு வேறுபாடு போதும்.

மறுமொழி (முல்லைத்தீவில் பிறந்து இங்கிலாந்தின் பிரிஸ்டலில் வசிப்பவர்)

இங்கே ஏவன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் பாறைச் சரிவுகளில் வைட்பீம் என்னும் மரங்கள் உள்ளன. அவற்றின் இலைகளுக்கும் அடிப்புறம் வெண்மையே. அவற்றுள் சில இனங்கள் உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. அவற்றுள் பல, விதையிலிருந்து முளைத்தாலும் தாய்மரத்தின் அச்சாகவே வருவதால், மிகச் சிறிய இலை வேறுபாடும் தலைமுறை தலைமுறையாக நிலைத்து நிற்கிறது. அதனால் இலையை எங்கிருந்து பறிப்பது என்பதில் இங்குள்ளவர்கள் மிகக் கண்டிப்பாக இருப்பார்கள். வேரடித் தளிரையும் நிழலில் வளர்ந்த இலையையும் தொடமாட்டார்கள். வெயில் படும் முதிர்ந்த கிளையின் குறுஞ்சுள்ளியிலிருந்து, நன்கு விரிந்த இலையையே எடுப்பார்கள். விண்ணாங்கு இவற்றுக்கு உறவே இல்லாத வேறு குடும்பம். எனினும் இதிலும் தளிரிலையும் முதிர்ந்த கிளையின் இலையும் வேறுபடுவதாலேயே உங்கள் மரத்தின் தளிரிலை ஏமாற்றுகிறது. உயரக் கிளையின் இலையையே நம்புங்கள்.

கேள்வி கேட்டவர்

ஐயா, இன்று காலை போய்ப் பார்த்தேன். முதிர்ந்த கிளையின் பத்து இலைகளில் ஒன்பதில் அடிப்பாகம் கோணல். மரத்தடிச் சருகுக்குள் பழைய காய்க்கூடு ஒன்று கிடைத்தது: ஐந்து பிளவு, வெளியே மங்கிய பழுப்பு மயிர், உள்ளே ஒட்டிக்கொண்டிருந்த ஒரே விதைக்கு மெல்லிய சிறகு. விண்ணாங்கேதான். எல்லைக் காட்டைத் துப்புரவாக்கும்போது இதை வெட்டிவிடாதபடி மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டு வந்திருக்கிறேன்.